வாடகை நோட்டு

எண்ணூரில் கூண்டு ஏற்றிய அன்று முகூர்த்த நாள்.
இரண்டு கல்யாணம், ஒரு சடங்கு.
மூன்று அட்வான்சையும் திருப்பிக் கொடுத்துவிட்டு
ஷட்டரை இறக்கப் போனேன்.

பெஞ்சலய்யா டிராக்டரை நிறுத்தினான்,
தடாவிலிருந்து வருகிறான்.
"அக்கா, ஜெனரேட்டர்."
"வாடகை?" என்றேன், பழக்கம்.
அவன் ஏரிப் பக்கம் பார்த்தான்.
நானும் பார்த்தேன்.
அடிப்பிடித்த பால் மாதிரி இருந்தது வானம்.
எழுதினேன்: ஜெனரேட்டர் ஒன்று, டீசல் அவனுடையது.
தொகை என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்று
ஒரு கோடு போட்டது.

அதற்கப்புறம் அந்தப் பக்கம் முழுக்கக் கோடுதான்.

பெரிய அண்டா ஏழு, சுண்ணாம்புக்குளம் பள்ளிக்கூடத்துக்கு.
நான்கு சமைக்க,
மூன்று குடிதண்ணீர் பிடித்துவைக்க.
ஜமக்காளம் முப்பத்திரண்டு.
பந்தல் கயிறு அத்தனையும் படகுகளைக் கட்ட.
மூங்கில், தகரக் கூரைகளின் மேல் வைத்து அழுத்த.
மைக் செட்டைத் தேசிங்கு படகில் ஏற்றினான்.
இரக்கம் தீவைச் சுற்றி
இரண்டு பாஷையிலும் கத்திக்கொண்டு போனான்.
கல்யாண வாய் அவனுக்கு.
"வருகை தந்திருக்கும் பெரியோர்களே" என்றுதான் ஆரம்பித்ததாம்.
யாரும் சிரிக்கவில்லை.
ஆட்டைப் பிடித்துக்கொண்டு,
ரேஷன் கார்டை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு
படகேறினார்கள்.

நிறைமாதக்காரி கஸ்தூரி
தரையில் உட்கார முடியாது என்றாள்.
அவளுக்கு மணமேடைச் சோஃபா,
சிவப்பு வெல்வெட், தங்கக் கைப்பிடி.
தூக்கிப் போனவர்கள் இரண்டு தரம் சேற்றில் வழுக்கினார்கள்.

காற்று வந்த ராத்திரிக்கு
என் நோட்டில் கட்டம் இல்லை.
ஏழாம் வாய்ப்பாடு எழுதிய சுவரில்
முந்நூறு முதுகுகள்.
ஷாமியானாவை மடித்து ஜன்னலில் திணித்து
முறை போட்டு அழுத்திப் பிடித்தோம்.
என் முறை இரண்டு மணியிலிருந்து நான்கு வரை.
தோள் இன்னும் வலிக்கிறது.

விடிந்தபோது பனைமரங்கள்
எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தன.
பதினொரு நாள் கரண்ட் இல்லை.
ஜெனரேட்டருக்கு முதல் வரிசை போர் பம்ப்,
அதற்குப் பின்னால்தான் செல்போன்கள்.
அதிலும் ஒரு சண்டை, ஒரு சட்டை கிழிந்தது.
ரேஷன் கடை ஞானசுந்தரம்
மேலே யாரையும் கேட்காமல் பூட்டைத் திறந்தார்.
கணக்கு எழுத என் நோட்டையே வாங்கிக்கொண்டார்.
முன்பக்கத்திலிருந்து பாத்திரம்,
பின்பக்கத்திலிருந்து அரிசி.
நடுவில் நான்கு தாள் மிச்சம் இருந்தபோது
லைட் வந்தது.

மார்கழி முழுக்கச் சாமான்கள் திரும்பி வந்தன.
ஜமக்காளத்தைத் துவைத்துத்தான் தந்தார்கள்,
ஏரி நாற்றம் போகவில்லை.
நாற்காலியில் நாற்பத்தொன்று குறைவு.
ஓர் அண்டா மூடி
தேசிங்கு வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கூரையாக இருக்கிறது.
கேட்டேன்.
"குஞ்சு பொரிக்கட்டும்" என்றான்.
என் பேர் வெட்டிய ஓர் அண்டாவுக்குப் பதில்
தெலுங்கு எழுத்து வெட்டியது ஒன்று வந்திருக்கிறது.
எழுத்துக் கூட்டிப் படித்தேன்.
சூளூர்ப்பேட்டையில் யாரோ ஒரு லட்சுமய்யா
மகளுக்குக் கொடுத்த சீர்.
என்னுடையது இதைவிடப் பெரியது.
பெஞ்சலய்யாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்,
இன்னும் பதில் இல்லை.
அங்கேயும் யாராவது
என் பேரைக் கூட்டிக்கொண்டிருப்பார்களோ என்னவோ.

தையில் முதல் கல்யாணம்.
கவரைப்பேட்டைக்காரர் சோஃபாவைச் சுற்றிச் சுற்றி வந்தார்.
"கறை இருக்கிறதே, நூறு ரூபாய் குறையுங்கள்."

பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ.
பனிக்குடம் உடைந்தது அதன்மேல்தான்.

அவரிடம் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்
நூறு கூட்டிக் கேட்டிருப்பேன்.